தகடும் நசுங்காமல், ஆளும் நசுங்காமல்: பேடு வைத்துக் காரை ஜாக்கியில் தூக்கும் முறை

முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் குனிந்து, கதவுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கீழ்நோக்கி நீட்டிக்கொண்டு, காரின் நீளவாக்கில் ஓடுகிற ஒரு மெல்லிய தகட்டு விளிம்பு தட்டுப்படும். உள்பக்கத் தகட்டையும் வெளிப்பக்கத் தகட்டையும் சேர்த்துப் பிடித்து வெல்டிங் செய்த இடம் அது. பிஞ்ச் வெல்டு என்பார்கள். விரலை இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் அந்த விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், சில செ.மீ. தள்ளி இன்னொரு வெட்டு. பெரும்பாலான கார்களில் இந்த இரண்டு வெட்டுகளுக்கும் நடுவில் இருக்கும் துண்டுதான் ஜாக்கி பாயிண்ட். அந்த இடத்தை மட்டும் காரின் எடையைத் தாங்கும்படி பலப்படுத்தியிருப்பார்கள். ஒரு சக்கரத்துக்கு ஒன்று என்று மொத்தம் நான்கு.

முதல்முறை ட்ராலி ஜாக்கியில் (சின்னச் சக்கரங்களில் உருளும், பம்பு அடித்துத் தூக்கும் ஜாக்கி) காரைத் தூக்கியபோது நான் இதையெல்லாம் பார்க்கவில்லை. கதவுக்கு அடியில் கெட்டியாக ஏதோ இருக்கிறது, போதும் என்று ஜாக்கியின் இரும்புத் தலையை அப்படியே அதற்கடியில் வைத்து நான்கு பம்பு அடித்தேன். கார் ஏறியது. கூடவே ஒரு முனகலும் கேட்டது. இறக்கிப் பார்த்தால் விளிம்பு ஒரு விரல் நீளத்துக்கு உள்பக்கமாக மடங்கி, பெயின்ட் உரிந்து, தகடு பளபளவென்று தெரிந்தது. சில மாதங்களில் அதே இடத்தில் துரு. அப்புறம்தான் ஜாக்கியின் தலைக்கும் காருக்கும் நடுவில் வைக்கும் ரப்பர் பேடு வாங்கினேன்.

பேடு வாங்கியதும் அடுத்த தவறுக்குத் தயாரானேன். தகடு மடங்கவில்லை, கார் அசையவில்லை, அதனால் அடியில் தலையை நீட்டிப் பார்த்தால் என்ன என்று தோன்ற ஆரம்பித்தது. பேடு காரைக் காப்பாற்றுகிறது. ஆளைக் காப்பாற்றுவது, தூக்கிய காரைத் தாங்க அடியில் நிறுத்தும் இரும்பு ஸ்டாண்டு. இந்த இரண்டு வேலைகளையும் மனதில் தனித்தனியாக வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிது.

விளிம்பு ஏன் மடங்குகிறது

ஒரு விசிட்டிங் கார்டை மேசைமேல் நிமிர்த்தி வைத்து, மேலிருந்து விரலால் அழுத்துங்கள். உடனே வளைந்துவிடும். அதே கார்டின் அடிப்பகுதியை இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் செருகிவிட்டு அழுத்தினால் எவ்வளவோ தாங்கும். பிஞ்ச் வெல்டின் நிலையும் இதுதான். நேர் செங்குத்தாக வரும் பாரத்தை அந்தத் தகடு தாங்கும். பக்கவாட்டில் சாயத் தொடங்கினால்தான் மடங்குகிறது. ட்ராலி ஜாக்கியின் தலை, ஓரத்தில் பற்கள் வைத்த ஓர் இரும்புக் கிண்ணம். அதில் விளிம்பைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் பேடு இரண்டு வேலை செய்கிறது. விளிம்பு பள்ளத்துக்குள் இறங்குவதால் இரண்டு பக்கமும் சுவர் கிடைக்கிறது. பள்ளம் போதிய ஆழம் இருந்தால், விளிம்புக்கு இருபுறமும் இருக்கும் தட்டையான தகடு பேடின் மேற்பரப்பில் உட்கார்ந்து பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறது. ஒரு மூலையைத் தூக்கும்போது ஜாக்கியின் தலையில் 500 கிலோ வருகிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். இரண்டரை மி.மீ. தடிப்பும் 6 செ.மீ. நீளமும் உள்ள விளிம்பு மட்டும் அதைத் தாங்கினால், பரப்பு ஒன்றரைச் சதுர செ.மீ. தான். ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் 330 கிலோவுக்கு மேல். 6 செ.மீ. விட்டமுள்ள பேடில் பள்ளம் போக ஏறக்குறைய 22 சதுர செ.மீ. மிஞ்சும். அது முழுவதும் பாரம் பரவினால் சதுர செ.மீ.க்கு 23 கிலோவாகக் குறைந்துவிடும்.

எல்லா காரிலும் பாரம் அந்தத் தட்டையான தகட்டில்தான் உட்கார வேண்டும் என்றில்லை. சில கார்களில் விளிம்பே பாரத்தை ஏற்கும்படி செய்யப்பட்டிருக்கும், பக்கத்துத் தகடு மெல்லிசாக இருக்கும். எது உங்கள் கார் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. காரோடு வந்த சிசர் ஜாக்கியை (கத்தரி போல விரிந்து, திருகித் தூக்கும் சின்ன ஜாக்கி) எடுத்து அதன் தலையைப் பாருங்கள். அதிலிருக்கும் பள்ளத்தின் ஆழத்தையும் விளிம்பின் உயரத்தையும் ஒப்பிட்டால், தயாரித்தவர்கள் பாரத்தை எங்கே இறக்க நினைத்தார்கள் என்பது தெரிந்துவிடும். பேடு வாங்கும்போது அந்த அளவையே பின்பற்றுங்கள்.

பேடைத் தேர்ந்தெடுப்பது

பள்ளம் வைத்த பேடு பிஞ்ச் வெல்டு உள்ள கார்களுக்கு மட்டும்தான். பி.எம்.டபிள்யூ. கார்கள் பலவற்றில் கதவுக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டை ஒன்று பொருத்தி, அதில் செவ்வகக் குழி விட்டிருப்பார்கள். அந்தக் குழிக்குள் கச்சிதமாக உட்காரும் செவ்வகப் பேடு தனியாகக் கிடைக்கிறது. டெஸ்லாவில் வட்டத் துளை இருக்கும். அதற்கான பேடின் மேல் ஒரு குமிழ், குமிழைச் சுற்றி ரப்பர் வளையம். துளைக்குள் செருகினால் பேடு கீழே விழாமல் தானாகவே தொங்கிக்கொண்டிருக்கும், ஜாக்கியை நிதானமாக அடியில் தள்ளலாம். மின்சார காரில் இந்தத் துல்லியம் அவசியம். தரை முழுக்க பேட்டரிப் பெட்டி பரவியிருக்கிறது. பாயிண்டிலிருந்து சில செ.மீ. உள்ளே தள்ளி ஜாக்கியை வைத்தால் நசுங்குவது பேட்டரியின் உறை. அடியில் ஆரஞ்சு நிற கேபிள் எதையாவது பார்த்தால் அது உயர் மின்னழுத்தக் கேபிள், அதன் பக்கமே போகாதீர்கள்.

பிக்கப், பெரிய எஸ்.யூ.வி. போன்று உடலுக்கு அடியில் தனிச் சேஸிஸ் (இரும்புச் சட்டகம்) உள்ள வண்டிகளில் சேஸிஸையோ அச்சையோ கையேடு காட்டும் இடத்தில் தூக்குவார்கள். அங்கே பள்ளம் தேவையில்லை, தட்டையான பேடு போதும்.

பேடு ஜாக்கியின் கிண்ணத்துக்குள் ஆடாமல் உட்கார வேண்டும். கிண்ணத்தை விடப் பெரிய பேடு அதன் விளிம்பின்மேல் தொற்றிக்கொண்டு நிற்கும், பாரம் ஏறியதும் சாயும். விரலால் அழுத்தினால் குழியும் அளவுக்கு மெத்தென்ற ரப்பரும் வேண்டாம். அது பிதுங்கி, பள்ளம் வாய் பிளந்து, கடைசியில் இரண்டாகக் கிழியும். கெட்டியான ரப்பர் அல்லது பாலியூரித்தேன் நல்லது. வெறும் அலுமினியப் பேடு பாரத்தைத் தாங்கும், பெயின்டைக் கீறும்.

மரக்கட்டையில் பள்ளம் வெட்டிக்கொண்டால் ஆகாதா? ஆகாது என்பதே என் கருத்து. இழை ஓடும் திசையில் பள்ளம் வெட்டினால் கட்டை சரியாக அந்தப் பள்ளத்திலேயே பிளக்கும். பள்ளம் இல்லாத கெட்டிக் கட்டையை, காரின் அடியில் குறுக்கே ஓடும் சட்டத்துக்கு அடியில் தட்டையாக வைப்பது வேறு விஷயம், அதைச் செய்யலாம்.

பலர் பேடு வாங்கி வீட்டுக்கு வந்த பிறகு கவனிக்கிற ஒன்று: அதற்கும் 3, 4 செ.மீ. உயரம் உண்டு. தாழ்வான காரில், அதிலும் டயர் பஞ்சராகிக் கிடக்கும்போது, ஜாக்கியும் பேடும் சேர்ந்து அடியில் நுழையாது. அப்போது காரை மெதுவாக ஒரு தடித்த பலகையின்மேல் ஏற்றி நிறுத்திக்கொண்டு பிறகு ஜாக்கியை விடலாம். காரோடு வந்த சிசர் ஜாக்கிக்குப் பேடு தேவையில்லை. அதன் தலையே உங்கள் காரின் பாயிண்டுக்காகச் செய்யப்பட்டது. ஆனால் அது சாலையோரத்தில் சக்கரம் மாற்றுவதற்கு மட்டும் தரப்பட்ட கருவி, பிரேக் வேலைக்கோ ஆயில் மாற்றுவதற்கோ அல்ல.

தூக்குவதற்கு முன்

இடம் சமதளமாக, கெட்டியாக இருக்க வேண்டும். கான்கிரீட் நல்லது. மண்ணும் ஜல்லியும் வேண்டாம். தார்த்தரை வெயிலில் இளகும், ஸ்டாண்டின் கால்கள் அதில் மெல்ல இறங்கும். வேறு வழியில்லை என்றால் ஸ்டாண்டுகளுக்கு அடியில் இரும்புத் தகடோ தடித்த ப்ளைவுட்டோ போடுங்கள். சரிவில் தூக்கவே தூக்காதீர்கள், சரிவு எவ்வளவு லேசாகத் தெரிந்தாலும்.

காருக்குள் யாரும் இருக்கக் கூடாது. ஹேண்ட் பிரேக் போடுங்கள், மேனுவல் என்றால் முதல் கியர், ஆட்டோமேட்டிக் என்றால் பி (பார்க்). இவ்வளவும் செய்துவிட்டு, இவற்றை நம்பாதீர்கள். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கியதும் அந்தப் பிடி காற்றில் தொங்கும். முன்சக்கர இழுவைக் காரில் கியரும் பி-யும் முன்சக்கரங்களைத்தான் பூட்டுகின்றன. ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கினால், இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் தன் வேலையைக் காட்டும்: தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருப்பது எதிர்ப்பக்கம் சுற்றலாம், பூட்டு பூட்டாகவே இருந்தாலும். ஆகவே தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடைகட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள். பிளாஸ்டிக் கட்டை லேசானது, வழுக்கலாம். ரப்பர் கட்டையையோ ஆப்பு வடிவில் வெட்டிய கனமான மரத்தையோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர் சஸ்பென்ஷன் (காற்றுப் பைகளால் உயரத்தைச் சரிசெய்யும் அமைப்பு) உள்ள காரில் தூக்குவதற்கு முன், அந்த அமைப்பை நிறுத்தி வைக்கும் ஜாக் மோடை இயக்க வேண்டும். இல்லையென்றால் கார் சாய்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு சஸ்பென்ஷன் தானாகச் சரிசெய்ய முயலும், நீங்கள் அருகில் இருக்கும்போதே கார் நகரும்.

சக்கரத்தைக் கழற்றப் போகிறீர்கள் என்றால் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கிய காரில் ஸ்பேனரை உதைத்துத் திருகுவதைப் போல ஆபத்தான வேலை வேறில்லை.

பாயிண்டைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். சேறு இருந்தால் பேடு வழுக்கும். துரு இருந்தால் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். பொரபொரவென்று உதிர்ந்தாலோ முனை உள்ளே இறங்கினாலோ அந்த இடத்தில் தூக்கக் கூடாது, பேடு வைத்தாலும் தகடு உள்வாங்கும். சில கார்களில் பாயிண்ட் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்கும், ஓர அலங்காரத்தில் ஒரு சின்ன அம்புக்குறி அதைக் காட்டும். சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் கையேட்டைத் திறங்கள். ஆயில் சம்ப், கியர்பாக்ஸ், சைலன்சர், பெட்ரோல் டேங்க், வெறும் தரைத்தகடு ஆகிய எதையும் ஜாக்கி தொடக் கூடாது.

ஒரே பாயிண்ட், போட்டிக்கு இரண்டு பேர்

முதல்முறை தூக்குபவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கையேடு ஒரு மூலைக்கு ஒரு பாயிண்ட்தான் காட்டுகிறது. ஜாக்கியை அங்கே வைத்துவிட்டால் ஸ்டாண்டை எங்கே வைப்பது? பலப்படுத்திய துண்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் அளவுக்கு நீளமில்லை. கொஞ்சம் தள்ளி வைத்தால் தாங்காதா என்று விளிம்பின் சாதாரணப் பகுதியில் ஸ்டாண்டை வைத்து மடக்கியவர்கள் ஏராளம்.

நல்ல வழி, கதவோரப் பாயிண்டுகளை ஸ்டாண்டுகளுக்கு விட்டுவிட்டு ஜாக்கியை நடுவில் வைப்பது. பல கார்களில் முன்பக்கம் இன்ஜினுக்கு அடியில் குறுக்குச் சட்டத்திலும், பின்பக்கம் நடுவிலும், ட்ராலி ஜாக்கிக்கென்று ஓர் இடம் உண்டு. பணிமனைக் கையேட்டில் படத்தோடு இருக்கும். அங்கே தட்டையான பேடு வைத்துத் தூக்கினால் இரண்டு சக்கரமும் சேர்ந்து எழும்பும், இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைக்கலாம். நடுப் பாயிண்ட் இல்லாத கார்களில் சப்ஃப்ரேம் (இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் அடிச்சட்டம்) காரோடு இணையும் இடங்களை ஸ்டாண்டுக்கு அனுமதித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஜாக்கியும் ஸ்டாண்டும் ஒன்றாகச் சேர்ந்த கருவிகள் இருக்கின்றன. தூக்கி முடித்ததும் அதே இடத்திலேயே இரும்புப் பூட்டு விழுந்துவிடும்.

ஆயில் மாற்றுவதுதான் வேலை என்றால், ஒரு ஜோடி சாய்வு மேடை வாங்கிக் காரை அதன்மேல் ஓட்டி ஏற்றிவிடுங்கள். சக்கரம் கழற்றத் தேவையில்லாத வேலைக்கு ஜாக்கியைத் தேடிப் போவது வீண் வம்பு.

இனி தூக்கலாம்

1. பேடைக் கிண்ணத்தில் வைத்து, கதவோரப் பாயிண்டில் தூக்குவதாக இருந்தால் பள்ளம் காரின் நீளவாக்கில் இருக்கும்படி திருப்புங்கள். பக்கத்திலிருந்து ஜாக்கியை விடும்போது பள்ளம் ஜாக்கிக்குக் குறுக்காக இருக்கும்.

2. பேடு விளிம்பைத் தொடும் வரை மட்டும் பம்பு அடியுங்கள். நிறுத்துங்கள். தரையில் படுத்து, டார்ச் அடித்து, விளிம்பு பள்ளத்துக்குள் நேராக இறங்கியிருக்கிறதா, இரண்டு வெட்டுகளுக்கும் நடுவில் இருக்கிறதா, பிளாஸ்டிக்கோ குழாயோ இடையில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். காருக்கு அடியில் போக வேண்டியதில்லை, பக்கத்திலிருந்தே தெரியும்.

3. சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும் வரை மெதுவாக ஏற்றி மறுபடி நிறுத்திப் பாருங்கள். பேடு சாய்ந்திருந்தால் இறக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். பாரம் ஏறிய பேடைக் கையாலோ சுத்தியலாலோ நேராக்கப் பார்க்காதீர்கள்.

4. தேவையான உயரம் வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் ஒரு செ.மீ. கூட வேண்டாம். காற்றிறங்கிய டயரைக் கழற்றப் போதுமான இடைவெளி, காற்று நிறைந்த ஸ்டெப்னியை மாட்டப் போதாது என்பதை மட்டும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

மூன்றாவது படியில் பேடு ஏன் சாய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ட்ராலி ஜாக்கியின் கை நேராக மேலே போவதில்லை, ஒரு வில்லாக வளைந்து போகிறது. உயர உயரத் தலை கிடைமட்டமாகவும் நகரும். கார் நகராது, ஆகவே ஜாக்கிதான் தன் சக்கரங்களில் உருண்டு அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட வேண்டும். அதன் சின்ன இரும்புச் சக்கரம் தரையின் விரிசலிலோ ஒரு கூழாங்கல்லிலோ மாட்டிக்கொண்டால் ஜாக்கி உருளாது. பேடு பக்கவாட்டில் இழுபட்டு, பள்ளத்தின் சுவரே விளிம்பை நெம்பும். பேடு வைத்தும் விளிம்பு மடங்கிவிட்டது என்று சொல்பவர்களின் கதை பல நேரம் இதுவாகத்தான் இருக்கும். ஜாக்கியை நிறுத்தும் முன் அது உருளப்போகும் இடத்தைப் பெருக்கிவிடுங்கள்.

ஸ்டாண்டில் இறக்குவது

ஜாக்கியைத் தாங்கி நிற்பது எண்ணெயும் ஒரு ரப்பர் வளையமும். அந்த வளையம் தேய்ந்தால் சத்தமில்லாமல் இறங்கும், கிழிந்தால் சட்டென்று இறங்கும். ஸ்டாண்டில் இருப்பது இரும்பின்மேல் இரும்பு. கார் ஜாக்கியில் மட்டும் நிற்கும்போது அடியில் தலை, தோள், கை எதுவும் போகக் கூடாது, கீழே விழுந்த நட்டை எடுப்பதற்குக்கூட. செங்கல், கான்கிரீட் கல் ஆகியவற்றை ஸ்டாண்டாக நினைக்காதீர்கள். அவை முன்னறிவிப்பு இல்லாமல் உடையும்.

ஸ்டாண்டின் மேல் எழுதியிருக்கும் எடை ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று கவனித்து வாங்குங்கள். துளையில் இரும்பு முளை செருகும் வகை, பல்லில் பூட்டும் ரேட்செட் வகை என்று இரண்டு இருக்கின்றன. 2020-ல் அமெரிக்காவில் லட்சக்கணக்கான ரேட்செட் ஸ்டாண்டுகள் திரும்பப் பெறப்பட்டன. பாரம் இருக்கும்போதே பூட்டு பல்லிலிருந்து நழுவலாம் என்பதே காரணம். அதனால் நான் முளை வகையை, அல்லது ரேட்செட்டோடு கூடுதலாக முளையும் உள்ளதை விரும்புகிறேன். ஸ்டாண்டின் தலையிலும் பள்ளம் வைத்த ரப்பர் பேடு வேண்டும். ஜாக்கிக்குப் பேடு போட்டுவிட்டு, அப்புறம் காரை இரும்பு ஸ்டாண்டின்மேல் வெறுமனே இறக்கினால் முதலில் தப்பிய விளிம்பு இரண்டாவதில் மடங்கும்.

இரண்டு ஸ்டாண்டுகளையும் ஒரே உயரத்தில் வைத்து, பூட்டியாயிற்றா என்று கையால் அழுத்திப் பார்த்து, பாயிண்டுகளுக்கு நேர் கீழே நிறுத்துங்கள். ஜாக்கியின் வால்வை மிக மிக மெதுவாகத் திறந்து காரை அவற்றின்மேல் உட்காரவையுங்கள். ஒவ்வொரு ஸ்டாண்டின் எல்லாக் கால்களும் தரையில் படிந்திருக்க வேண்டும், ஒன்று தூக்கிக்கொண்டிருந்தால் காரை மறுபடி ஏற்றிச் சரிசெய்யுங்கள். பிறகு ஜாக்கியைக் குறுக்குச் சட்டத்தை லேசாகத் தொடும்படி விட்டுவைக்கலாம். கழற்றிய சக்கரத்தை எங்கோ சாய்த்து வைக்காமல், கதவுக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள். எல்லாம் தவறினாலும் அது கொஞ்சம் இடம் விட்டுவைக்கும்.

அடியில் போகும் முன் கார் அருகில் நின்று, பம்பரில் கை வைத்து நன்றாகத் தள்ளிப் பாருங்கள். நாசூக்காக அல்ல, அடியில் நட்டோடு மல்லுக்கட்டும்போது எவ்வளவு ஆட்டுவீர்களோ அவ்வளவு. கார் விழுவதாக இருந்தால் இப்போதே விழட்டும்.

கீழே இறக்குவது

வேலை முடிந்த அவசரத்தில்தான் சுத்தியலும் விளக்கும் காருக்கு அடியில் நசுங்குகின்றன. முதலில் அடியில் எதுவும் இல்லை என்று பாருங்கள். சக்கரத்தை மாட்டி நட்டுகளைக் கையால் முடிந்தவரை திருகுங்கள். ஜாக்கியால் காரை ஒரு விரல் அளவு உயர்த்தி ஸ்டாண்டுகளை எடுங்கள், பிறகு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து இறக்குங்கள். தரையில் நின்ற பிறகு நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். எவ்வளவு இறுக்குவது என்பது காருக்குக் கார் மாறும். சாதாரண கார்களில் பெரும்பாலும் 100 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உங்கள் காரின் அளவு கையேட்டில் உண்டு. 50, 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை இறுக்கம் பாருங்கள்.

ஏற்கெனவே மடங்கிய விளிம்பு இருந்தால் அகலவாய் பிளையரால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தலாம். ஒரேயடியாக நிமிர்த்தினால் மடிப்பில் விரிசல் விடும். நிமிர்த்தியதும் துருவைத் தேய்த்து, ப்ரைமரும் பெயின்டும் பூசிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை தூக்க அங்கே தகடு இருக்காது.

பேடில் விரிசலோ, பள்ளத்தின் அடியில் கிழிசலோ தெரிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். நல்ல பேடு ஒன்றை ஸ்டெப்னி பக்கத்தில் எப்போதும் வைத்திருங்கள். என் காரின் இரண்டாவது மடிப்பு டயர் மாற்றக் கொடுத்த ஒரு கடையில், நான் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே விழுந்தது. இப்போதெல்லாம் சாவியோடு பேடையும் சேர்த்துக் கையில் கொடுத்துவிடுகிறேன். ஒரு மாதிரி பார்ப்பார்கள், ஆனால் போட்டுக்கொள்வார்கள்.